வெயிலில் முளைக்காத கழலை

சென்ற மாதம் நம் பழைய ஆய்வுக்கூடத்துக்கு உங்களையெல்லாம் பார்க்க வந்திருந்தபோது உங்களில் ஒருவர் கேட்டார்: "மேடம், இப்போ மரபணு வரிசையை உள்ளே போட்டா இயந்திரமே பேரைச் சொல்லிடுது. ஒரு பாக்டீரியாவுக்குப் பேர் கண்டுபிடிக்க நீங்க ஏன் அவ்வளவு அலைஞ்சீங்க?" சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். பேருந்தில் திரும்பும்போது, பர்வீன் பாக்டீரியா வளர்த்த கண்ணாடித் தட்டுகள் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் மிதந்து வந்தன. அந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் அந்தத் தட்டுகளின் கதைதான். பொறுமையாகக் கேளுங்கள்.

புது நூற்றாண்டு பிறந்திருந்த சமயம். மணலிக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் எங்கள் நிறுவனம் இருந்தது. ரசாயன உரம் விற்று வளர்ந்த நிறுவனம். மூட்டையில் உயிரையும் விற்கலாமே என்ற ஆசை அவர்களுக்கு அப்போதுதான் வந்திருந்தது. கிடங்கின் பின்பக்கம் இரண்டு அறைகளை ஒழித்து ஆய்வுக்கூடம் என்று பெயர் வைத்தார்கள். நான் பொறுப்பாளர். பர்வீன் ஒப்பந்த ஊழியர். நான் வியாசர்பாடி, அவள் ராயபுரம். இருவருக்கும் ஒரே வயது. காலையில் நாங்கள் வந்து சன்னலைத் திறக்கும்போது கடற்பனியும் ஆலைப் புகையும் ஒன்றாகக் கலந்து நிற்கும். அதற்கு மேலே சுத்திகரிப்பு ஆலையின் தீ, தண்டில்லாத விளக்கைப் போலத் தனியாக எரிந்துகொண்டிருக்கும். அந்த வெளிச்சத்தில் எது வானம், எது சுவர் என்று தெரியாது. நாங்கள் ஏதோ நீருக்கடியில் வேலை செய்வது போல இருக்கும்.

மண்ணில் பாஸ்பேட் நிறைய உண்டு. ஆனால் அது கல்லாக இறுகிக் கிடக்கும், செடியால் உறிஞ்ச முடியாது. அதைக் கரைத்துக் கொடுக்கிற பாக்டீரியா கிடைத்தால் அதுவே உரம். கரையாத பாஸ்பேட்டைக் கலந்து ஊற்றிய தட்டு பால் போல வெள்ளையாக இருக்கும். அதில் வளரும் பாக்டீரியாவுக்குக் கரைக்கத் தெரிந்தால், அதைச் சுற்றி மட்டும் பால் தெளிந்து கண்ணாடியாகிவிடும். அந்தத் தெளிந்த வட்டத்தைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம். பர்வீன் எங்கெங்கோ போய் வேரடி மண் கொண்டு வருவாள். எண்ணூரில் கழிமுகக் கரை, மணலி புதுநகரில் யார் வீட்டு வாழையடியோ, செங்குன்றம் போகும் சாலையில் ஒரு சாமந்தித் தோட்டம்.

அந்தச் சாமந்தி மண்ணில்தான் அது கிடைத்தது. மழைக்காலம் முடிந்திருந்த ஒரு காலை.

"கௌதமி, ஓடியா! இன்னா அழகா கீது பாரு!"

பர்வீன் தட்டைச் சன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தாள். கடுகளவில் பாக்டீரியாத் திட்டுகள். ஒவ்வொன்றையும் சுற்றி, நான் அதுவரை பார்த்திராத அகலத்தில் ஒரு தெளிவு. பால்வெளியில் யாரோ சின்னச் சின்னச் சன்னல்கள் திறந்து வைத்தது போல. ஒரு சன்னல் வழியாக அவளுடைய ஒரு கண் தெரிந்தது. அந்தக் கண் சிரித்துக்கொண்டிருந்தது. அன்று முழுக்க நாங்கள் வேறு எதுவும் செய்யவில்லை. தட்டை வைப்போம், எடுப்போம், மறுபடி பார்ப்போம்.

நிறுவனத்தில் எல்லோருக்கும் அந்த வட்டம் பிடித்துப்போயிற்று. எங்கள் மேலாளர் நல்ல மனிதர், ஆனால் பதற்றக்காரர். தலைமை அலுவலகத்திலிருந்து யார் வந்தாலும் அந்தத் தட்டைத்தான் முதலில் காட்டுவார். ரோஜா பயிரிடுகிறவர்கள் சங்கம் ஒன்றுக்கு ஆடிப் பட்டத்துக்குள் சரக்கு தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டார். பர்வீனின் ஒப்பந்தம் அந்தக் கோடையோடு முடிகிறது. இந்தச் சரக்கு வெளியே போனால் அவளை நிரந்தரமாக்கிவிடுவதாகவும் என் முன்னாலேயே சொன்னார்.

சோதனைக்காகத் தை மாதமே சில பொட்டலங்களைத் தேசம்மாவிடம் கொடுக்கச் சொல்லியிருந்தார். தேசம்மா திருவொற்றியூரில் கடலுக்குப் பின்பக்கச் சந்தில் பன்னீர் ரோஜா குச்சி நட்டு, வேர் விட்டதும் விற்கிறவர். நடும் முன்பு குச்சிகளின் வெட்டுவாயை எங்கள் கரைசலில் நனைத்தார். சோதனை முடியும்வரை அவற்றை விற்காமல் வைத்திருக்கச் சொல்லியிருந்தோம். மாசி முடிவதற்குள் அந்தச் செடிகள் மற்றவற்றைவிடக் கருகருவென்று துளிர்த்து நின்றன. பர்வீன் ஒவ்வொரு வாரமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நம்ம புள்ளைங்க நல்லா வளர்றாங்கடி" என்பாள்.

பெயர் கண்டுபிடிக்கும் வேலை அதன் பிறகுதான் தொடங்கியது. ஒவ்வொரு பரிசோதனையாகச் செய்து வந்தோம். கடைசியில் ஒரு சர்க்கரைப் பரிசோதனை. வினைபொருளை ஊற்றிய சற்று நேரத்தில் பாக்டீரியாவைச் சுற்றி மஞ்சள் வளையம் படர்ந்தது. மஞ்சள் வந்தால் அது அக்ரோபாக்டீரியம்.

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏனென்றால் அந்தப் பேரினத்தில் நாங்கள் கவனிக்க வேண்டிய இரண்டு பெயர்கள் உண்டு. ரேடியோபாக்டர் என்பது வேரடியில் சும்மா வாழ்ந்துவிட்டுப் போகும் சாது. டியூமிஃபேசியன்ஸ் என்பது செடியின் காயத்துக்குள் தன் மரபுப் பொருளில் கொஞ்சத்தைச் செலுத்தி, அந்த இடத்தைக் கழலையாக, அதாவது கட்டியாக, வீங்க வைப்பது. சர்க்கரை, நிறம், வடிவம் எதை வைத்துப் பார்த்தாலும் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கழலை வர வைக்கும் திறமை, அது உள்ளே சுமக்கும் ஒரு சின்ன மரபு வளையத்தில் இருக்கிறது. அந்த வளையம் தொலைந்தும் போகும், பக்கத்தில் இருப்பதிடமிருந்து ஒட்டிக்கொண்டும் வரும். அப்படி வந்து போகிற ஒன்றை வைத்துப் பெயர் சூட்டலாமா, அந்தப் பேரினத்தையே கலைத்து வேறொன்றில் சேர்த்துவிடலாமா என்று உலகமே வாதாடிக்கொண்டிருந்த காலம் அது. எங்களுக்கு அந்த வாதத்தைவிட ஒரு கேள்வி பெரிதாக இருந்தது. இது கழலை உண்டாக்குமா, உண்டாக்காதா?

அதைக் கண்டுபிடிக்க எளிய வழி கேரட். வட்ட வில்லையாக நறுக்கி, மேலே பாக்டீரியாவைத் தடவி, ஈரத்தில் மூடி வைத்தால், கழலைக்காரன் என்றால் சில வாரங்களில் வெட்டுப்பரப்பில் குருணை குருணையாக முளைக்கும். மேலாளரே வண்ணாரப்பேட்டைச் சந்தையிலிருந்து கேரட் வாங்கி வரச் செய்தார். அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. எங்கள் அறையின் கூரை கல்நார் ஓடு. மின்விசிறி வெந்நீரைத் துழாவுவது போலக் காற்றைத் துழாவும். கேரட்டுகள் அந்த அறையில் இருந்தன. வாரங்கள் போயின. எதுவும் முளைக்கவில்லை. மூடியைத் திறந்து பார்த்தால் ஆரஞ்சு வில்லைகள் மழமழவென்று ஈரமாகக் கிடந்தன.

மேலாளர் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார்.

"அப்பாடா! சாதுதான்மா. ரேடியோபாக்டர்னு எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

கையெழுத்துப் போட வேண்டியது நான். பேனாவைத் திறந்தேன். பர்வீன் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அவள் சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் அவள் கேரட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. எதுவுமே முளைக்கலியே, அதான்."

"முளைக்கலன்னாதானே நல்லது?"

"அதில்ல கௌதமி. முளைக்கிறது எப்படி இருக்கும்னு நான் பாத்ததே இல்ல. நீ பாத்துக்கினு கீறியா?"

நானும் பார்த்ததில்லை. படத்தில்தான் பார்த்திருந்தேன். பேனாவை மூடினேன். நாளை தருகிறேன் என்று மேலாளரிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "நாளைன்னா நாளைதாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று தெற்கே ஓர் ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். செடிக் கழலையிலேயே காலம் கழித்த ஒரு பெண் விஞ்ஞானி எடுத்தார். அவரை நான் கடைசிவரை நேரில் பார்க்கவில்லை. பெயரையும் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, கம்பியின் இரைச்சலுக்கு நடுவே நிதானமாகச் சொன்னார்: "கழலை கட்டாயம் வர வைக்கிற ஒண்ணு எங்ககிட்ட இருக்கு, அனுப்பறேன். அதையும் உங்களதுக்குப் பக்கத்துலயே வைங்க. ரெண்டும் என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க."

மேலாளரிடம் இன்னும் கொஞ்சம் நாள் கேட்டேன். கத்தினார். "இல்லாத பேயைத் தேடித் தேடிக் கூப்பிடறீங்கம்மா" என்றார். ஆனால் ஆடிக்கு இன்னும் நாள் இருந்ததால் விட்டுவிட்டார்.

அவர் அனுப்பிய பாக்டீரியாக் குழாய் வந்து சேர்ந்தது. புதுக் கேரட், அதே அறை, அதே சூடு. ஒரு வரிசை பர்வீனுடையது, பக்கத்து வரிசை தெற்கிலிருந்து வந்த கழலைக்காரனுடையது. காத்திருந்தோம். மூடியைத் திறந்த காலையில் இரண்டு வரிசையும் ஒன்றுபோலவே மழமழவென்று கிடந்தன. கழலையைத் தவிர வேறெதற்கும் பெயர் பெறாத அந்தப் பாக்டீரியாவும் எங்கள் அறையில் சாதுவாகிவிட்டது!

என் முதுகில் வியர்வை நூல் நூலாக இறங்கியது இன்றும் நினைவிருக்கிறது. எங்கள் பாக்டீரியா நிரபராதி என்று நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் அறைக்குக் கண் தெரியவில்லை என்பதைத்தான் கண்டுபிடித்திருந்தோம். மறுபடி அந்தப் பெண்ணை அழைத்தேன். "உங்க அறையில என்ன வெப்பம்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. சொன்னேன். "அவ்வளவு சூட்டுல அது செடிக்குள்ள எதையும் அனுப்பாதும்மா. வெயில் தணிஞ்சதும் அனுப்பும்" என்றார்.

எங்கள் கட்டடத்தில் குளிர்சாதனம் இருந்த ஒரே அறை கணினி அறை. கணினிக்காகப் போட்ட குளிர், மனிதர்களுக்காக அல்ல. கெஞ்சிக் கூத்தாடி அங்கே ஓர் அலமாரியை வாங்கினோம். கேரட் டப்பாக்கள் அச்சுக் காகிதக் கட்டுகளுக்கு நடுவே போய் அமர்ந்தன. பர்வீன் உணவு இடைவேளையில் அங்கேதான் இருப்பாள். துப்பட்டாவைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்த அலமாரிக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். வெளியே அனலில் சாலை நெளியும். உள்ளே அவள் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கும். அவள் எதற்காகக் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். வில்லைகளில் எதுவும் முளைக்காமல் இருப்பதைப் பார்ப்பதற்காக.

ஒரு காலை நான் உள்ளே வரும்போது அவள் இரண்டு டப்பாக்களையும் என் மேசைமேல் வைத்துவிட்டு நின்றிருந்தாள். தெற்கிலிருந்து வந்தவனின் வில்லைகளில் வளையம் வளையமாக வெளிறிய குருணைகள். பர்வீனுடையதில் அதைவிடப் பெரியவை. சின்னக் காலிஃப்ளவர் போல, ஒவ்வொரு வில்லையிலும்.

"நம்ம புள்ளை" என்றாள் பர்வீன்.

அவள் நினைத்திருந்தால் அந்த டப்பாவை வரும் வழியிலேயே சாக்கடையில் கவிழ்த்திருக்கலாம். பழைய முடிவு மேலாளர் கையில் இருந்தது. என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நான் கேட்கவும் செய்தேன். "ஒப்பந்தம் முடியுதேடி. இப்போ இன்னா பண்ணுவ?"

"தேசம்மா செடியெல்லாம் வெட்டு வெட்டா நனைச்சாங்க கௌதமி" என்றாள். "தையில. குளிருல. மொதல்ல அத பாக்கணும்."

மேலாளரிடம் இருவரும் சேர்ந்து போனோம். அவர் முதலில் சண்டைதான் போட்டார். கேரட்டில் வந்தால் ரோஜாவில் வருமா, சூட்டில் வராது என்றால் நம் ஊரில் எப்போது சூடில்லை என்றெல்லாம். நியாயமான கேள்விகள்தான். மார்கழியும் தையும் இருக்கிறதே சார் என்றேன். பிறகு டப்பாவைத் திறந்து ஒரு விரலால் குருணையைத் தொட்டார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"இது மனுசனுக்கு ஒட்டுமா?"

"ஒட்டாது சார். செடிக்குத்தான்."

எழுந்துபோய் நெடுநேரம் கை கழுவினார். திரும்பி வந்தவர் எங்களைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, "சங்கத்துக்கு நான் சொல்லிக்கறேன். கிடங்குல இருக்கறத எல்லாம் வேக வெச்சு அழிச்சுடுங்க" என்றார்.

அன்றே திருவொற்றியூருக்குப் போனோம். தேசம்மா குழாயடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். பர்வீனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாம்மா, வா! இன்னா இந்தப் பக்கமே காணோம்? பாரு, எப்படிப் பூத்துக்கினு கீது பாரு."

சந்து முழுக்கப் பூ. சாக்குகளிலும் உடைந்த வாளிகளிலும் பன்னீர் ரோஜா குலுங்கிக்கொண்டிருந்தது. கடற்காற்றில் அந்த மணம் கனத்து, நகராமல் நின்றது. அந்தத் தெளிந்த வட்டம் தன் வேலையைச் செய்திருந்தது, பாருங்கள். பர்வீன் ஒரு சாக்கின் முன் மண்டியிட்டாள். மண்ணை விரலால் விலக்கினாள். தண்டின் அடியில், வெட்டுவாய் இருந்த இடத்தில், சுண்டைக்காயளவு ஒரு முடிச்சு. அடுத்ததில் எலுமிச்சை அளவு. அதற்கடுத்ததில் ஒன்றுமில்லை. அடுத்ததில் மறுபடி.

பர்வீன்தான் சொன்னாள். நான் சொல்லத் தொடங்கியபோது என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். நாங்கள் கொடுத்த மருந்தில் இருந்த பூச்சி ஒரு கை உரம் போட்டு மறு கையால் கட்டி வர வைக்கிறது, இந்தச் செடிகளை யாரிடமும் விற்கக்கூடாது, எல்லாவற்றையும் பிடுங்கி எரிக்க வேண்டும் என்று ஒன்றும் மறைக்காமல் சொன்னாள்.

தேசம்மாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. பிறகு வெடித்தார்.

"நல்லா கீற செடிய இன்னாத்துக்குப் புடுங்கணும்? நீங்கதானே குடுத்தீங்க? படிச்சவங்கதானே? எதுக்கு இப்படி பேஜாரு பண்றீங்க? எனுக்கு வேற இன்னா கீது?"

பர்வீன் மண்டியிட்டபடியே இருந்தாள். அழவில்லை. தேசம்மா உள்ளே போய்விட்டார். உள்ளே பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. நாங்கள் போகவில்லை. வெயில் சுவரில் ஏறி இறங்கியது. வெளியே வந்தபோது அவர் கையில் கத்தரிக்கோல் இருந்தது.

"எனுக்கு, என் பசங்களுக்கு எதுனா ஆவுமா?"

"ஆகாதுக்கா. சத்தியமா ஆகாது."

"அப்போ பூவ மட்டும் பறிச்சுக்கறேன். பூவோட புடுங்க மனசு வரல."

மூவரும் பறித்தோம்.

பிறகு நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பாக்டீரியா புல், சம்பங்கி போன்ற ஒருவித்திலைச் செடிகளைத் தொடுவது அபூர்வம். பெயர் தெரிந்ததால் எங்களுக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான். தேசம்மாவின் சந்தில் நிலச்சம்பங்கிக் கிழங்குகளை நட்டோம். நிறுவனம் கிழங்கு வாங்கிக் கொடுத்தது. மேலாளரே நின்று இறக்கினார். முதல் ஆண்டு சுமார், அதற்குப் பின் நன்றாகவே வந்தது. தேசம்மா எங்களிடம் மறுபடி சிரித்துப் பேச ஒரு மழைக்காலம் ஆயிற்று. பர்வீன் நிரந்தரமாகவில்லை. மேலாளர் எவ்வளவோ முயன்றார், சரக்கு இல்லாமல் பணியிடமும் இல்லை என்றார்கள். அவள் துறைமுகத்தை ஒட்டி ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்து, அங்கேயே தலைமை வரை உயர்ந்தாள். இப்போது நீங்கள் விற்கும் உரத்தில் இருக்கும் பாக்டீரியா வேறு ஒரு குடும்பம். அதன் வட்டம் சின்னது. தட்டைத் தூக்கிப் பார்த்தால் யாரும் கூப்பாடு போட மாட்டீர்கள். அது யாரையும் வீங்க வைத்ததில்லை.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். இல்லை என்று ஒரு பரிசோதனை சொன்னால், இருந்திருந்தால் அது உண்டு என்று சொல்லியிருக்குமா என்று ஒருமுறை கேளுங்கள். இயந்திரம் பெயரைச் சொல்லட்டும். அந்தப் பெயரை யாருடைய செடியின்மேல் ஊற்றப் போகிறோம் என்பதை அது சொல்லாது.

அந்த மாலை நானும் பர்வீனும் திருவொற்றியூரில் கடற்கரை நிலையம் போகும் ரயிலில் ஏறினோம். தேசம்மா பாதிப் பூவை வைத்துக்கொண்டு மீதியை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு எங்களிடமே கொடுத்துவிட்டார். வாளி பர்வீன் மடியில் இருந்தது. பெண்கள் பெட்டி. மீன் விற்று முடித்தவர்கள், ஆலை வேலை முடித்தவர்கள், காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி மெதுவாகப் போயிற்று. கிடங்குகளும் புகைபோக்கிகளும் செம்மஞ்சள் வெளிச்சத்தில் கரைந்து கரைந்து பின்னால் போயின. நான் கொருக்குப்பேட்டையில் இறங்க வேண்டும். இறங்கவில்லை.

யாரோ ஒரு பெண் வாளியை எட்டிப் பார்த்தாள். பர்வீன் கை நிறைய அள்ளிக் கொடுத்தாள். பிறகு அவள் பக்கத்தில் இருந்தவளுக்கு. பிறகு எதிரே இருந்தவர்களுக்கு. பூக்கள் கைமாறிப் பெட்டியின் அந்தக் கோடிவரை போயின. மீன் வாடையும் இயந்திர எண்ணெயும் பன்னீர் ரோஜாவும் ஒன்றாகக் கலந்தன. பெண்கள் கொண்டையில் ஊசி குத்திச் செருகிக்கொண்டார்கள். ஒருத்தி கண்ணை மூடி முகர்ந்துகொண்டே இருந்தாள். பர்வீன் முகத்தில் அன்று முதல்முறையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

காலியான மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா வாளிக்குள் கைவிட்டுத் துழாவினார்.

"இன்னாமா, எல்லாம் தலை மட்டும் கீது? குச்சியோட ஒண்ணு குடேன். வூட்டாண்ட நட்டுக்கறேன்."

அப்போதுதான் நான் வாளியை நன்றாகப் பார்த்தேன். தேசம்மாவின் சந்தில் நாங்கள் பறித்துப் போட்ட ஒவ்வொரு பூவையும் பர்வீன் மறுபடி கையில் எடுத்து, காம்பைக் கழுத்தோடு கிள்ளி எரிக்கும் குவியலில் போட்டிருக்கிறாள். ஒரு நகக்கண் நீளக் காம்புகூட எதிலும் இல்லை.

"குச்சி கெடையாதும்மா" என்றாள் பர்வீன், அந்த அம்மாவின் இரு கைகளையும் பூவால் நிரப்பியபடி. "பூ மட்டுந்தான்."